நான் எழுதிய ஐந்தாவது விதி

1

ஜோதியின் கடிதம் வந்த அன்று எனக்கு மதிய ஷிப்ட். மஸ்கட்டில் எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகள் விடுதியில் கடிதங்களை அவரவர் கையில் கொடுப்பதில்லை. கீழே சாப்பாட்டு அறை மேசையில் ஒரு பெரிய தட்டில் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களும் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்ப்பார்கள். அதில் பெரும்பாலும் கோட்டயம், திருவல்லா முத்திரைகள் இருக்கும். பெரம்பலூர் முத்திரை ஒன்று கிடந்தால் அது எனக்குத்தான். பேரைப் பார்க்காமலே எடுத்துக்கொள்வேன்.

வழக்கமாக ஜோதி எழுதுவது, அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிற கடிதம். மழை பெய்தது, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது, நீ இளைத்திருக்கிறாயா என்று போகும். இந்த முறை அப்படி இல்லை. தாளின் தலையில் சங்கத்தின் ரப்பர் முத்திரை இருந்தது.

"சங்கத்தின் விதி ஐந்தின்படி, போக்கிடம் உள்ளவர் தம் இடத்தைப் போக்கிடம் இல்லாத ஒருவருக்கு விட்டுத்தர வேண்டும். திருமதி அஞ்சலை அவர்களின் மகளாகிய தங்களுக்கு வெளிநாட்டில் வீடு இருப்பதாகத் தெரிகிறது. அவ்வீட்டில் அவருக்கு இடம் உண்டா, இல்லையா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். வரும் அமாவாசைக் கூட்டத்தில் முடிவு செய்யப்படும்."

அஞ்சலை என் அம்மா. சங்கம் என்பது, பெரம்பலூரில் தனித்து நிற்கும் பெண்களுக்குத் தங்க இடம் கொடுக்கும் சங்கம். அம்மா அங்கேதான் பதினைந்து வருடமாக இருக்கிறாள். நானும் அங்கேதான் வளர்ந்தேன். அதன் செயலாளரான ஜோதி, என்னிடம் 'அ' எழுதிப் பழகியவள். அம்மாவை அவள் பெரியம்மா என்பாள்.

முத்திரைக்கும் கையெழுத்துக்கும் கீழே மீதி இடத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்:

"அக்கா, கோவிச்சுக்காத. கொளஞ்சின்னு ஒருத்தி, கைக்கொழந்தையோட நடையில படுத்திருக்கா. மழ அடிச்சா பாயச் சுருட்டிக்கிட்டு ஒக்காந்துக்கறா. எல்லாரும் ஒன் வூட்டத்தான் சொல்றாங்க. போன கூட்டத்துல பெரியம்மாகிட்ட, ஒங்களுக்குப் போக்கிடம் இருக்கான்னு கேட்டோம். வாயே தொறக்கல. செவுத்துல மாட்டியிருந்த ஒன் போட்டோவக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தாங்க."

நான் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் என் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. அமாவாசைக்குப் பதினாறு நாள். இங்கிருந்து கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும். எனக்கு இருப்பது மூன்று நாள். அதில் ஒன்று வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை.

உண்டா, இல்லையா. ஒரு சொல்லில் பதில் கேட்டிருக்கிறார்கள். கேள்வியை அப்படி அமைத்தவளும் நான்தான். அந்த ஐந்தாவது விதி என் கையெழுத்தில் எழுதியது.

2

இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தச் சங்கம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் பயம் புரியும்.

எங்கள் ஊர் ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சொந்த நிலம் கிடையாது. அப்பா வேறொருத்தியோடு சேலம் பக்கம் போய்விட்டார். ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா வந்து குடிசைப் படலைச் சாத்திக் கயிற்றால் கட்டினார். "அண்ணன் வந்தா தொறக்குறேன்" என்றார். அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்ற சாமான்களைக் கேட்டுச் சண்டை போடாத அம்மா, என் புத்தகப் பைக்காக மட்டும் படலைப் பிய்த்தாள். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பெரம்பலூரில் வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி, "வூட்டுக்காரரு என்னா பண்றாரு?" இரண்டாவது கேள்வி, "ஊருல எந்தத் தெரு?" இரண்டுக்கும் எங்களிடம் அவர்கள் விரும்பும் பதில் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த தனபாக்கியத்துக்கும் அதே கதிதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சம்பளம் வாங்குகிற அவரையே மூன்று வீட்டில் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடலை மண்டிக்காரரின் பழைய கிடங்கு சும்மா கிடந்தது. நர்சம்மா அவரிடம் போய், "மூட்டைக்குக் குடுத்த எடத்த மனுசிக்குக் குடுங்க. நாங்க மூட்டைய விட அமைதியா இருப்போம்" என்றாராம். அவர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். முதலில் நான்கு பெண்கள். ஐந்தாவது அம்மா. என்னை அரை ஆள் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

கிடங்குக்குள் அறைகள் கிடையாது. ஒரு 'இடம்' என்றால் ஒரு பாயின் அகலம். சுவரில் சுண்ணாம்பால் கோடு இழுத்திருக்கும். இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் உன் பாய், உன் பெட்டி, உன் ஆணி. கோட்டைத் தாண்டி அடுத்தவள் காலை நீட்டக் கூடாது. அம்மாவின் இடம் ஜன்னலிலிருந்து மூன்றாவது. வெளியே யாராவது கேட்டால், "கெடங்குல எனக்கு எடம் இருக்கு" என்று அம்மா சொல்வாள். நஞ்சை புஞ்சை வைத்திருப்பவர்கள்கூட அப்படி அழுத்திச் சொல்ல மாட்டார்கள்.

ரேஷன் கார்டு வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஃபாரம் எழுத என்னையும் கூட்டிப் போயிருந்தார் நர்சம்மா. கிளார்க் ஃபாரத்தைப் புரட்டினார்.

"குடும்பத் தலைவர்னு ஒங்க பேரப் போட்டிருக்கீங்களே?"

"நான்தாங்க தலைவர்."

"ஆம்பள யாரும் இல்லியா?"

"இருந்தா ஏன் சார் இங்க வந்து நிக்கிறோம்?"

"சரி, இவங்கள்லாம் யாரு? ஒன்பது பேரு, உறவுமுறை தங்கச்சி, தங்கச்சின்னு... ஒரே வயித்துலயா?"

"தங்கச்சியான்னு ஃபாரம் கேக்குது, சொல்லிட்டோம். வயித்தப் பத்தி ஃபாரம் கேக்கலீங்களே."

பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கார்டு வந்துவிட்டது. அதில் எழுதப்பட்ட உறவு நாளடைவில் உண்மையாகிவிட்டது.

பிறகு எதிரே ஒரு ஓட்டு வீடு. அப்புறம் அரியலூரில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒன்று. சுண்ணாம்புக்கல் சுமக்கிற பெண்கள் அங்கே நிறைய. அப்புறம் ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைக்கிறவர்களுக்காக ஒன்று. முந்திரிப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன பெண்கள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இடத்தைவிட வருகிறவர்கள் அதிகமானார்கள். காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று வந்தது. சங்கம் என்று பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்ய விதிகள் வேண்டும் என்றார்கள்.

3

விதிகளை எழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. அந்தக் கூட்டத்தில் தயங்காமல் எழுதத் தெரிந்தவர்கள் நர்சம்மாவும் நானும்தான். நர்சம்மாவுக்கு டூட்டி.

எங்கள் கூட்டம் அமாவாசை அன்றுதான் நடக்கும். அன்றைக்குக் கொத்து வேலையும் கிடையாது, பாதிப் பேருக்குக் காட்டு வேலையும் கிடையாது. முதல் நான்கு விதிகள் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டே வந்துவிட்டன. குடித்துவிட்டு வரும் ஆணுக்கு, அது புருஷனாக இருந்தாலும், கதவைத் திறக்கக் கூடாது. சமையல் முறை வைத்துச் செய்ய வேண்டும். பிள்ளைகளை அடிக்கக் கூடாது. அடுத்தவள் பெட்டியைத் தொடக் கூடாது.

ஐந்தாவதை நானே யோசித்தேன். இடம் போதவில்லை என்றால் இருப்பவர்களில் யாருக்கு வேறு வழி இருக்கிறதோ அவர்கள் விலக வேண்டும் என்று எனக்குப் பட்டது. ராத்திரியில் ஒப்பித்துப் படித்த தமிழையெல்லாம் அதில் கொட்டினேன். "போக்கிடம் உள்ளோர், போக்கிடம் அற்றோர்க்குத் தம் இடத்தை மூன்று திங்களுக்குள் விட்டுத்தருதல் கடமையாகும்." எழுந்து நின்று வாசித்தேன். "அம்மாடி, என்னாமா எழுதியிருக்கா!" என்று கை தட்டினார்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் அவள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் பார்த்ததில்லை.

அந்த விதி முதலில் பாய்ந்தது செல்லக்கண்ணு அத்தை மேல். ஜெயங்கொண்டம் பக்கம் அவருடைய அண்ணன் புதிதாக ஓட்டு வீடு கட்டியிருந்தார். செய்தி வந்ததும் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கையைத் தூக்கச் சொன்னால் முகம் பார்க்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் வேறு ஒரு முறை வைத்திருந்தோம். வாய் கட்டிய பானை ஒன்று. இருக்கட்டும் என்றால் புளியங்கொட்டை, போகட்டும் என்றால் வேப்பங்கொட்டை. ஒவ்வொருவரும் மூடிய கையோடு வந்து துணிக்கடியில் கைவிட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு வயது போதாததால் போடும் உரிமை இல்லை. கொட்டிப் பார்த்துச் சொன்னது நான். வேப்பங்கொட்டைதான் அதிகம்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ் வந்து நின்றதும் செல்லக்கண்ணு அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம் பாப்பா, போக்கிடம் போக்கிடம்னு எழுதியிருக்கியே. கதவு இருந்தா போதுமா? உள்ள வான்னு ஒருத்தரு சொல்ல வேணாமா?"

"ஒங்க அண்ணன்தானே அத்த. சொல்ல மாட்டாரா?"

"அண்ணந்தான்" என்று சிரித்தார். "அதான் கேக்குறேன்."

பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஜெயங்கொண்டத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பெண்கள் விசாரித்தார்கள். அண்ணன் வீட்டில் அவர் இல்லை, ஒரு மாதம்கூட இருக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் அந்தக் கிடங்கு வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். இடது புருவத்தில் தழும்பு இருக்கும்.

நான் திருச்சியில் நர்சிங் படித்தேன், நர்சம்மாதான் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு லீவிலும் கிடங்குக்கு வரும்போது அந்த விதி கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

4

மஸ்கட்டுக்கு வந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பிரசவ வார்டில் எட்டு மணி நேரம். நான் பேசும் அரபி முப்பது, நாற்பது சொற்கள்தான். களைத்துப் போனால் அதுவும் வராது. "வலிக்குதாம்மா? கொஞ்சம் பொறுத்துக்க" என்று தமிழில் சொல்லிவிடுவேன். அந்தப் பெண்கள் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள். பிறகு சாப்பாட்டு அறையில் சோறு. மாடியில் நான்கு பேர் இருக்கும் அறை. இரண்டு அடுக்குக் கட்டில்கள். என்னுடையது மேல்கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். பாஸ்போர்ட் என் கையில் இல்லை, ஆஸ்பத்திரி ஆபீஸ் அலமாரியில்.

இதையெல்லாம் நான் ஊருக்கு எழுதவில்லை.

கிளம்பும் நாளில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கிருந்தோ கேள்விப்பட்டுச் சித்தப்பாவும் வந்து நின்றார். "அங்க போயி பீ மூத்திரம் அள்ளுற வேலதானே" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. நர்சம்மாவைப் பார்த்துச் சொல்வதுபோல், "எம் பொண்ணு தனி வூட்டுல இருப்பா பாருங்க. எவனும் படலக் கட்ட முடியாத வூடு" என்றாள்.

அந்த வாக்கியத்தோடு விமானம் ஏறியவள் நான். முதல் மாதம் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, மேல்கட்டில் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "எனக்கு இங்கே தங்க வீடு கொடுத்திருக்கிறார்கள். ஏ.சி. இருக்கிறது. வாசலில் காகிதப்பூ பூத்துக் கிடக்கிறது" என்று எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்தால் பொய் இல்லை. பிறகு பெரிய டாக்டரின் பங்களாவுக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. பின்பக்கம் 'வீட்டு வாசலில்' என்று மட்டும் எழுதினேன். யார் வீடு என்று எழுதவில்லை. அந்தக் கடிதங்களை ஜோதி கூட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்து வாசிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் கை நழுவிப் போகிறார்கள் என்று பெரியவர்கள் எழுதி நான் நிறையப் படித்திருக்கிறேன். நழுவுகிற பிள்ளை எழுதி ஒன்றும் படித்ததில்லை. நழுவுவது நமக்கே தெரிவதில்லை. அம்மாவைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

5

எனக்கு இருந்த மூன்று நாளில் முதல் நாள் ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போனேன். உண்மையிலேயே அம்மாவை அழைத்துக்கொள்ள முடிந்தால் பொய்யே இல்லாமல் போய்விடுமே என்று ஒரு நப்பாசை. கோவாக்காரரான வயதான கிளார்க் நல்ல மனிதர். ஃபாரத்தை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். கணவர், ஒரு வரி. குழந்தைகள், நான்கு வரி. அதற்குக் கீழே கையெழுத்து.

"அம்மாவை எங்கே எழுதுவது?" என்றேன்.

"எழுத இடம் இல்லை, சிஸ்டர்" என்றார். "அப்படியே எழுதினாலும், குடும்பக் குவார்ட்டர்ஸ் இருப்பவர்களுக்குத்தான். அது கல்யாணம் ஆனவர்களுக்குத்தான்."

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மேல்கட்டிலில் குப்புறப் படுத்து எழுதினேன். முதல் தாளில், "ஆறு மாதத்தில் அம்மாவை அழைத்துக்கொள்கிறேன், அதுவரை பொறுக்கவும்." கிழித்தேன். ஆறு மாதம் கழித்து என்ன செய்வேன்? இரண்டாவது தாளில், "அம்மாவுக்குப் பெரம்பலூரில் தனியாக வீடு பார்த்துக் கொடுக்கிறேன்." இதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். என் சம்பளத்தில் முடியாதது இல்லை. ஆனால் அந்த வீட்டில் அம்மா யாரோடு பேசுவாள்? பதினைந்து வருடமாக இரண்டு பக்கமும் ஆள் படுத்திருக்கத் தூங்கியவள். காய்ச்சல் வந்தால் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு கை நீண்டு நெற்றியைத் தொடும். கதவு இருந்தா போதுமா என்ற கேள்வி பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக இந்தக் கட்டிலுக்கு வந்தது. அதையும் கிழித்தேன்.

மூன்றாவதில், அம்மாவுக்கு மட்டும் விதியிலிருந்து விலக்குக் கேட்கலாமா என்று தொடங்கினேன். அப்போது நடையில் பாயைச் சுருட்டிக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். செல்லக்கண்ணுவுக்கு யார் விலக்குக் கேட்டார்கள்?

கீழ்க்கட்டிலில் இருக்கும் லீலாம்மா மலையாளி, என்னோடு திருச்சியில் படித்தவள். நன்றாகத் தமிழ் பேசுவாள். கிழித்த தாள்கள் தன் மேல் விழுந்துகொண்டே இருந்ததால் எழுந்து நின்று என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"என்னாச்சு, ஆருக்காக்கும் இவ்வளவு காதல் கடிதம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ வரைக்கும்.

"ஐயோ, அந்த பங்களாவா! நாட்டுல நீ ராணி, இங்க மேல்கட்டில்ல பல்லி" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தேனு, அவங்க கேக்கறது என்ன? இடம் உண்டா, இல்லையா. உனக்கு உத்தரம் தெரியும். அம்மா கிடக்கற இடம் போறதா, உன் கௌரவம் போறதா, அதான் கணக்கு. எழுதிட்டு லைட்டை அணை."

கணக்கு அவ்வளவு எளிதாக எனக்குப் படவில்லை. என் கடிதத்தை நாற்பது பெண்களுக்கு முன்னால் உரக்க வாசிப்பார்கள். அன்று சாயங்காலமே அது பஸ் ஏறி ரஞ்சன்குடிக்குப் போகும். சித்தப்பா கேட்பார். என்னைவிட அதிகம் தலைகுனியப் போவது அம்மாதான். இடம் மிஞ்சினாலும் அந்த இடத்தில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியுமா?

மூன்றாம் நாள் காலையில் எழுதினேன்.

"எனக்கு இங்கே வீடு இல்லை. நான்கு பேர் இருக்கும் அறையில் ஒரு மேல்கட்டில் இருக்கிறது. வேலை போனால் அன்றைக்கே அதுவும் போய்விடும். போட்டோவில் இருப்பது பெரிய டாக்டரின் வீடு. நான் அதற்குள் போனதில்லை. அம்மாவை அழைத்து வர இங்கே சட்டம் இடம் தரவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் கேள்விக்குப் பதில்: இடம் இல்லை. இதை மறைத்து எழுதியது என் தவறு, அம்மாவுக்குத் தெரியாது."

முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு, கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று ஒரு முறை பார்த்தேன். முடியாது.

6

அடுத்த நாட்களில் எனக்கு எதுவும் சரியாக ஓடவில்லை. கடிதம் பம்பாயில் தங்கிவிட்டால்? திருச்சியில் மழை என்று ரேடியோ சொன்னால் தபால் வண்டி நின்றிருக்குமோ என்று தோன்றும். அமாவாசை அன்று ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை ஜுரம் பார்த்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள். நம் ஊர் மணியைக் கணக்கிட்டு, இப்போது கூடியிருப்பார்கள், இப்போது ஜோதி எழுந்திருப்பாள், இப்போது கடைசி வரிக்கு வந்திருப்பாள் என்று வார்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு தினமும் தட்டு. கோட்டயம், திருவல்லா, கோட்டயம்.

பதினாறாம் நாள் வந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். இந்த முறை முத்திரை கடைசியில்தான் இருந்தது. முதலில் ஜோதியின் பேச்சு.

"அக்கா, ஒன் லெட்டர் கூட்டத்துக்கு மொத நாளுதான் வந்துச்சு. நான் படிச்சுட்டு ராத்திரியெல்லாம் தூங்கல. வாசிக்காம இருந்துரலாமான்னு நர்சம்மாகிட்ட கேட்டேன். எழுத்து மூலம் கேட்டது நீ, வாசிச்சுத்தான் ஆவணும்னுட்டாங்க. வாசிச்சேன். ஒன் அம்மா தரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில நம்ம பவுனுதான், 'அடியாத்தி, அப்ப அங்கயும் கெடங்குதானா! இங்கயாச்சும் தலைக்கு மேல எவளும் படுக்கல'ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. பெரியம்மாவும் சிரிச்சுட்டாங்க.

"அப்புறம் பெரியம்மா சொன்னத அப்படியே எழுதறேன். 'எனக்குத் தெரியும்டி. வூடு வூடுன்னு எழுதுனாளே, ஒரு நாளாவது அடுப்பப் பத்தி எழுதுனாளா? வூடு இருக்கறவ அடுப்பு புகையுதுன்னாவது எழுத மாட்டாளா? அவளா சொல்லட்டும்னு இருந்தேன். நான் இல்லன்னு சொன்னா எம் பொண்ணு பொய் சொல்றான்னு ஆயிடும். இருக்குன்னு சொன்னா என் எடம் போயிடும். அதான் வாயத் தொறக்கல.'

"பானையே வைக்கல அக்கா. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துருச்சு, கொட்டை எதுக்குன்னாங்க நர்சம்மா. பெரியம்மா எடம் அப்படியே இருக்கு. ஆனா கொளஞ்சிக்கு வேற வழியில்ல. எல்லாக் கோட்டையும் அழிச்சு அரைச் சாண் அரைச் சாணா நெருக்கிப் புதுசா போட்டோம். ஒரு பாய் விழற எடம் கெடைச்சுது. பெரியம்மாவுக்குப் பக்கத்துலதான். ராத்திரி அந்தப் புள்ள அழுதா இவங்கதான் தூக்கிக்கிட்டு நடக்கறாங்க. தூக்கம் கெட்டுதுன்னு என்னையத் திட்டறாங்க."

இந்த இடத்தில் நான் அழுதேன். கீழே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படித்தேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லையாம். ஜோதியைப் பார்த்து, இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்றாளாம்.

"'என்னா எழுதணும்?'னு கேட்டேன். 'எம் பொண்ணு பேர அந்தக் காத்திருக்கறவங்க பட்டியல்ல எழுது'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'பெரியம்மா, அக்கா சம்பாதிக்கிறாங்க, வெளிநாட்டுல இருக்காங்க. அதுல எப்படி எழுதறது?'ன்னேன். 'போக்கிடம் இல்லன்னு அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கா. நீதானே வாசிச்ச? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? எழுது'ன்னு நின்னாங்க. நர்சம்மா என்னையப் பாத்தாங்க. நான் எழுதிட்டேன் அக்கா. கோவிச்சுக்காத."

அதன் கீழே சங்கத்தின் முத்திரை. முத்திரைக்குக் கீழே, நான் சொல்லிக் கொடுத்த அதே குண்டுக் கையெழுத்தில் இரண்டு வரி:

"தங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. முறை வரும்போது தெரிவிக்கப்படும்."

எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று ஜோதி எழுதவில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.